ஜ்மெனியே என்றால் ஜேர்மனி இல்லை

ஒரு சொல்லைப் பற்றி எழுதப் போகிறேன். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள் சொல்லைப் பற்றி எழுதுவதா என்று மகளுக்குச் சிரிப்பு. சிரிக்கட்டும். அந்தச் சொல்லை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் நெஞ்சு படபடவென்று அடிக்கிறது, பயத்தில் இல்லை, சந்தோஷத்தில். பிற மனிதர் முன்னால் நான் வாய் திறந்து சத்தம் போட்டது என் வாழ்க்கையில் ஒரே ஒரு தரம். அது அந்தச் சொல்லால்தான்.

தொண்ணூறுகளின் நடுவில் மகளும் மருமகனும் என்னை ஸ்பொன்சர் பண்ணி ரொறன்ரோவுக்குக் கூப்பிட்டார்கள். பாதேர்ஸ்ற் வீதியில் ஒரு உயரமான கட்டடம், ஏழாம் மாடி. எங்கள் ஆட்கள் எல்லாம் ஸ்காபரோவில். எங்கள் கட்டடத்தில் தமிழ் என்று பார்த்தால் நாங்கள் மட்டும்தான். பகலில் மகளும் மருமகனும் வேலைக்குப் போய்விடுவார்கள். நான் தனியே. எனக்குச் சின்ன வயதிலிருந்தே கூச்ச சுபாவம். குப்பை போடப் போவதென்றாலும் கதவில் இருக்கிற கண்ணாடிப் பொட்டால் பார்த்து, வெளியில் ஒருவரும் இல்லை என்று கண்ட பிறகுதான் கதவைத் திறப்பேன்.

அப்படிப் பார்த்துக்கொண்டு நின்ற ஒரு நாளில்தான் அது நடந்தது. லிஃப்ற்றால் இறங்கி வந்த பக்கத்து வீட்டு அம்மாவின் கடதாசிப் பை அடிப்பக்கம் கிழிந்து, உள்ளே இருந்த பார்லி முழுவதும் நடைவழிக் காப்பெற்றில் கொட்டிவிட்டது. அவர் யூத மனிசி. என்னை விடக் கொஞ்சம் மூத்தவராக இருப்பார். கை விரல்கள் இஞ்சிக் கிழங்கு மாதிரி முடங்கிப் போயிருக்கும். குனிந்து அள்ளப் பார்த்தார், முடியவில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றார். யாராவது வந்து உதவி செய்வார்கள் என்று நான் பொட்டால் பார்த்துக்கொண்டே இருந்தேன். ஒருவரும் வரவில்லை. கடைசியில் கதவைத் திறந்தேன்.

குந்தியிருந்து, கையைக் குழித்து அள்ளி அள்ளி அவருடைய கூடைக்குள் போட்டேன். அவர் பார்லியைப் பார்க்கவில்லை. என் கையையே பார்த்தார். முகம் மலர்ந்து, கையைச் சுட்டிக் காட்டி ஒரு சொல் சொன்னார்.

என் காதில் அது ஜேர்மனி என்று விழுந்தது.

எனக்கு எவ்வளவு சந்தோஷம். அந்த நாட்களில் தமிழர் இரண்டு பேர் சந்தித்தால் ஊரைக் கேட்ட கையோடு, எந்த வழியால் வந்தனீங்கள் என்றுதான் கேட்பார்கள். பாதிச் சனம் ஜேர்மனியால் வந்ததுகள். என் இளைய மகன் அங்கேயே நின்றுவிட்டான். பரவாயில்லையே, இந்த அம்மாவுக்கும் எங்கள் கதை தெரிந்திருக்கிறது என்று நினைத்தேன். கூச்சத்தையும் மறந்து, தெரிந்த இங்கிலீசை எல்லாம் ஒன்றாகத் திரட்டிச் சொன்னேன்.

“யெஸ், யெஸ். ஜேர்மனி. மை சன் ஜேர்மனி. குட் ஜேர்மனி.”

அவருடைய முகம் விளக்கை அணைத்த மாதிரிப் போனது. கூடையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வீட்டுக்குள் போனார். கதவு சாத்தின சத்தம் கேட்டது. பிறகு பூட்டுகிற சத்தம். பிறகு இன்னொரு பூட்டு.

பின்னேரம் மகள் வேலையால் வந்ததும் சொன்னேன். அவள் தலையில் கை வைத்துக்கொண்டு கதிரையில் இருந்துவிட்டாள்.

“அம்மா, உந்த மனிசிக்குப் போய் ஜேர்மனி குட் எண்டனீங்களோ?”

அதற்குப் பிறகுதான் அவள் விளங்கப்படுத்தினாள். அந்தப் பெரிய சண்டையைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் அரிசிக்குத் தட்டுப்பாடு வந்ததும் கூப்பனுக்கு வரிசையில் நின்றதும்தான். அங்கே யூதச் சனத்துக்கு என்ன நடந்தது என்று அன்றைக்குத்தான் முழுவதுமாகக் கேட்டேன். எனக்கு உடம்பு கூசிவிட்டது. அவதானே முதலில் ஜேர்மனி எண்டவ என்றேன்.

“அவ ஏனம்மா அதைச் சொல்லப் போறா? தம்பி அங்க இருக்கிறபடியால் உங்கட காதுக்குள்ள எப்பவும் ஜேர்மனிதான்.”

அதற்குப் பிறகு கொஞ்ச நாள் குப்பை போடவும் நான் வெளியில் போகவில்லை. மருமகன் கொண்டுபோய்ப் போட்டார். மாமி நாட்டுக்கு நாடு சண்டை மூட்டிவிட்டா என்று பகிடி வேறு.

பிறகு ஒரு நாள் காலையில் கதவைத் தட்டுகிற சத்தம். பொட்டால் பார்த்தால் அந்த அம்மா, கையில் ஒரு ரின்னோடு நிற்கிறார். திறந்தேன். அவர் நேரே எங்கள் சாப்பாட்டு மேசைக்கு வந்து ரின்னின் மூடியைக் கழற்றினார். உள்ளே பார்லி. தன் கையைப் போட்டு அள்ளினார். மடங்கிய விரல்களுக்கு இடையால் எல்லாம் வழிந்து போனது. பிறகு என் மணிக்கட்டைப் பிடித்து, என் கையை ரின்னுக்குள் விட்டு, வெளியில் எடுத்தார். என் உள்ளங்கையில் பார்லி குவிந்து நின்றது. அதைச் சுட்டிக்காட்டி, சின்னப் பிள்ளைக்குச் சொல்லிக் கொடுக்கிற மாதிரி மெதுவாகச் சொன்னார்.

“ஜ்மெனியே. நொட் ஜேர்மனி. ஹான்ட். ஜ்மெனியே.”

அவரும் அத்தனை நாளும் யோசித்து யோசித்து, எங்கே பிழைத்தது என்று கண்டுபிடித்திருக்கிறார். எனக்கு விளங்கிய அந்த நிமிடத்தில் சந்தோஷம் தாங்க முடியவில்லை. அது நாட்டின் பெயரே இல்லை, ஒரு அளவு. ஒரு கை கொள்ளுகிற அளவு. எங்களிடமும் அது இருக்கிறதே.

“சிறங்கை,” என்றேன்.

அவர் உன்னிப்பாகக் கேட்டார். வாய்க்குள் ஒரு தரம் சொல்லிப் பார்த்தார். பிறகு உரக்கச் சொன்னார்.

“சிரங்கு.”

எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. சிரங்கு என்றால் என்ன என்று இங்கிலீசில் சொல்ல எனக்கு எங்கே தெரியும்? கையைச் சொறிந்து காட்டினேன், முழங்கையைச் சொறிந்து காட்டினேன். அவருக்கு விளங்கிவிட்டது. தோள் குலுங்கக் குலுங்கச் சிரித்தார். நான் அவருடைய சொல்லை ஜேர்மனி ஆக்கினேன், அவர் என்னுடைய சொல்லைச் சொறி ஆக்கினார். அதோடு கணக்குத் தீர்ந்தது.

அவருடைய பாசையின் பெயர் இத்திஷ். அவருக்கும் இங்கிலீஸ் அரைகுறைதான். அவருடைய இங்கிலீசில் இருந்த ஓட்டைகளும் என்னுடையதில் இருந்த ஓட்டைகளும் எப்படியோ ஒன்றுக்கொன்று பொருந்திப் போயின. மகளோடு கதைக்கும்போது விளங்காதது கூட அவரோடு எனக்கு விளங்கும். அந்த ஒரு சொல்லை வைத்துக்கொண்டே நாங்கள் நாட்கணக்காகக் கதைத்தோம். விரலை மூடினால் அது ஜ்மெனியேயா என்று கேட்டேன். இல்லையாம், திறந்து குழித்தால்தான். அப்போ சிறங்கையேதான். மூடினால் எங்களுக்கு அது பிடி. இரண்டு விரலால் எடுத்தால் நுள்ளு. அவர் நுள்ளுக்கு ஷ்மெக் என்றார். ஷ்மெக் என்றால் மணமாம். மணத்துக்குக் காணுகிற அளவு உப்பு, மணத்துக்குக் காணுகிற அளவு மிளகு. எனக்கு அது எவ்வளவு பிடித்தது. கறிக்குப் பெருங்காயம் போடும்போதெல்லாம் ஒரு ஷ்மெக் என்று எனக்குள்ளே சொல்லத் தொடங்கிவிட்டேன்.

ஒரு நாள் அவர் கையைக் குழித்து எனக்குக் காட்டினார். உள்ளே ஒன்றும் இல்லை. முதலில் கைகள் இரண்டையும் அகல விரித்து, தன் ஊர், சனம், சனம் என்றார். பிறகு அந்த வெறும் கையைக் காட்டி, சண்டைக்குப் பிறகு ஒரு ஜ்மெனியே என்றார். நாங்கள் மனிசரைச் சிறங்கையால் அளப்பதில்லை. நான் அந்தக் கையை என் கையால் மூடிவிட்டேன்.

இந்தச் சொல் எங்கேயிருந்து வந்தது என்று அறிய எனக்கு ஒரே ஆவல். அவர்களுடைய பாசையில் ஜேர்மன் சொற்கள் நிறையக் கலந்திருக்கும் என்று மகள் எங்கேயோ கேட்டு வந்து சொன்னாள். நான் விடுவேனா. ரெலிபோன் காட் வாங்குவித்து இளைய மகனுக்கு அடித்தேன். முதலில் பேரன் எடுப்பான். எடுத்தவுடன் “ஓமா?” என்பான். நானும் “ஓம் ஓம்” என்பேன். அந்த நாட்டில் அப்பம்மாவை ஓமா என்று கூப்பிடுவார்கள் என்பது எனக்கு வெகு காலம் தெரியாது. அதற்கு மேல் அவன் பேசுவது ஒன்றும் எனக்கு விளங்காது, நான் பேசுவது அவனுக்கு விளங்காது. இரண்டு பேரும் மூச்சு விட்டுக்கொண்டு நிற்போம், மகன் வந்து வாங்கும் வரைக்கும்.

அன்றைக்கு மகனிடம், சிறங்கைக்கு உங்கள் நாட்டில் என்ன சொல்வார்கள் என்று கேட்டேன். ஹன்ட்ஃபோல் என்றான். ஏனம்மா, அரிசி தட்டுப்பாடோ என்றும் கேட்டான்.

ரெலிபோனை வைத்துவிட்டு, செருப்பும் போடாமல் பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டினேன். கதவைத் தட்டியது நான். அதை நினைத்தால் எனக்கே ஆச்சரியம்.

“ஜேர்மனி நோ. ஜேர்மனி ஹன்ட்ஃபோல். ஜ்மெனியே நோ ஜேர்மனி.”

அவர் மேசையில் ஓங்கி ஒரு தட்டுத் தட்டினார். அவருக்குத் தெரியுமாம். அது மாமெயின் சொல். யாரிடமும் வாங்காத சொல். மாமெ எப்போதும் அடுப்படியில் நின்று இதைத்தான் சொல்வாவாம். மாமெ என்றால் அவர்களுக்கு அம்மா. நான் முதலில் மாமியாரைச் சொல்கிறார் என்று நினைத்து, மாமியாரின் சமையலைக் கண்ணீர் விட்டு நினைக்கிற மருமகளும் உலகத்தில் இருக்கிறாளே என்று அதிசயப்பட்டுக்கொண்டிருந்தேன்.

இலை கொட்டுகிற காலத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் வந்தார். மகளும் வீட்டில் நின்றாள். வந்தவர் இருக்கவில்லை, நின்றபடியே சொன்னார். மகள் கேட்டுக் கேட்டு எனக்குச் சொன்னாள். அவருக்கு ஒரு தங்கச்சி இருந்தாளாம். சண்டை வந்தபோது சின்னப் பிள்ளை. உக்ரேனில் ஒரு கிராமத்துக் குடும்பம் எடுத்து ஒளித்து வைத்து, தங்கள் பிள்ளையாகவே வளர்த்துவிட்டது. இவர் தப்பி, அலைந்து, கனடாவுக்கு வந்து, அன்றிலிருந்து தேடிக்கொண்டே இருந்தார். அந்தப் பெரிய சோவியத் நாடு உடைந்த பிறகுதான் விலாசங்கள் வெளியே வந்தன. தங்கச்சி உயிரோடு இருக்கிறார். ரொறன்ரோவுக்கு வரப் போகிறார்.

நான் எழும்பி அவரைக் கட்டிப் பிடித்துவிட்டேன். ஆனால் அவர் சிரிக்கவில்லை. ரெலிபோனில் கதைத்திருக்கிறார்கள், நடுவில் ஒருவர் இருந்து மொழிபெயர்த்திருக்கிறார். அவர் விலகியதும் இரண்டு பக்கமும் மூச்சுச் சத்தம் மட்டும்தானாம். தங்கச்சிக்கு இத்திஷ் ஒரு சொல்லும் நினைவில் இல்லை. உக்ரேன் பாசை மட்டும்தான். இவரோ, தன் சனத்தைக் காட்டிக் கொடுத்தவர்கள் பேசின பாசை என்று அதை அந்த மண்ணிலேயே துப்பிவிட்டு வந்தவர். தன் வாயில் அதில் ஒரு எழுத்தும் இல்லை, இருக்கவும் கூடாது என்றார். மூச்சுச் சத்தத்தைப் பற்றி அவர் சொன்னபோது எனக்கு என் பேரன்தான் நினைவுக்கு வந்தான்.

மொழிபெயர்க்க ஒரு ஆளைப் பிடிக்கலாமே என்று மகள் சொன்னாள். அவர் மகளைப் பார்த்த பார்வையை நான் மறக்க மாட்டேன்.

“என்ர தங்கச்சியோட கதைக்க எனக்கு நடுவில ஒரு ஆளோ?” மகள் எனக்குத் தமிழில் இப்படித்தான் சொன்னாள்.

அவருடைய யோசனை வேறு. அம்மா வைக்கிற பார்லி சூப். காளான் காய வைத்தது போட்டு வைக்கிறது. காது மறந்தாலும் நாக்கு மறக்காது, ஒரு வாய் குடித்தால் தங்கச்சிக்கு எல்லாம் வந்துவிடும் என்று நம்பினார். ஆனால் அந்தச் சூப்புக்குக் கோப்பை அளவு, கரண்டி அளவு ஒன்றும் இல்லை. அம்மாவின் ஜ்மெனியேதான் அளவு. அம்மாவும் இல்லை, இவருடைய கையும் போய்விட்டது. இவ்வளவும் சொல்லிவிட்டு என் வலது கையைத் தூக்கி, திருப்பித் திருப்பிப் பார்த்தார். கட்டை விரல்கள், அகன்ற உள்ளங்கை. மாமெயின் கை என்றார்.

என் கையை யாரும் அப்படிப் பார்த்ததில்லை. எனக்குக் காது வரைக்கும் சூடேறிவிட்டது.

மறுநாளே தொடங்கினோம், அவருடைய குசினியில். அவருடைய சட்டி, அவருடைய கரண்டி. பால் சாமானுக்கு ஒரு அடுக்கு, இறைச்சிக்கு ஒரு அடுக்கு, கலக்கக் கூடாது. நான் ஒரு கரண்டியை எடுக்க, பாய்ந்து வந்து பறித்தார். எனக்குக் கோபம் வரவில்லை. மச்சச் சட்டியையும் மரக்கறிச் சட்டியையும் நான் எத்தனை வருசம் காவல் காத்தவள். என் வீட்டில் வெள்ளிக்கிழமைச் சட்டியை யாராவது தொட்டிருந்தால் நானும் பறித்துத்தான் இருப்பேன்.

முதல் நாள் சூப் கஞ்சியாகிவிட்டது. கரண்டியை நட்டால் விழாமல் நின்றது. அவர் இத்திஷில் நீளமாக ஏதோ சொன்னார். அதை மொழிபெயர்க்கத் தேவையில்லை. பிழை என்னுடையதுதான். ஊரில் நாங்கள் சிறங்கையைக் குவித்துத்தான் எடுப்போம், உலைக்குத் தலை தட்டிப் போடுகிற பழக்கம் எங்களுக்கு இல்லை. அவர் என் மணிக்கட்டைப் பிடித்து ஒரு குலுக்குக் குலுக்கினார். மேலே நின்றது ரின்னுக்குள் விழுந்தது. கையில் தங்கியதுதான் ஜ்மெனியே. அடுத்த தரம் காளான் கூடிவிட்டது. அதற்கு அடுத்த தரம் அவர் ஒரு கரண்டி குடித்தார், கண்ணை மூடினார், கரண்டியைக் கீழே வைத்தார். “மாமெ,” என்றார்.

தங்கச்சி வருகிற நாள் மருமகன்தான் காரில் எயார்போட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனார்.

“மாமி, ரண்டு கிழவியளும் அழத் தொடங்கினால் நான் என்ன பாசையில ஆறுதல் சொல்லுறது?” என்று கேட்டுக்கொண்டு போனார்.

நான் அந்தக் குசினியில் தனியே நின்று சூப்பை வைத்தேன். பார்லியை எடுத்து, ஒரு தரம் குலுக்கி, போட்டேன். கை நடுங்கியபடியால் இரண்டு தரம் குலுங்கியதோ என்று பயம் வந்துவிட்டது. லிஃப்ற் ஏறி வருகிற சத்தம் கேட்கும்போதெல்லாம் அடுப்பைக் குறைத்தேன், பிறகு கூட்டினேன்.

வந்தார்கள். தங்கச்சி நல்ல அகலமான மனிசி. தலையில் பூப் போட்ட சால்வை, தோட்ட வேலை செய்து சிவந்த கைகள். மூக்கு மட்டும் அக்காவின் அதே மூக்கு. மருமகன் என் காதுக்குள் சொன்னார்.

“மாமி, எயார்போட்டில கட்டிப் பிடிச்சு அழுதிச்சினம். பிறகு வழி முழுக்கச் செத்த வீடு. கையைப் பிடிச்சபடி ஆளுக்கொரு ஜன்னலைப் பாத்துக்கொண்டு இருந்தவை.”

நான் சூப்பை ஊற்றி வைத்துவிட்டு நைஸாகக் கழரப் பார்த்தேன். அக்கா என் சேலைத் தலைப்பைப் பிடித்து இருத்திவிட்டார். தங்கச்சி குடித்தார். ஆறுதலாக, ஒழுங்காக, நீண்ட பயணம் செய்து பசித்தவர் குடிக்கிற மாதிரிக் குடித்தார். அக்கா தன்னுடையதைத் தொடவில்லை. தங்கச்சியின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். கோப்பை முடிந்தது. தங்கச்சி பாண் துண்டால் அடியைத் துடைத்துச் சாப்பிட்டார். முகத்தில் ஒன்றுமில்லை. நல்ல சூப் குடித்த முகம், அவ்வளவுதான். அக்கா இத்திஷில் ஏதோ கேட்டார், மெதுவாக, பிறகு கொஞ்சம் உரத்து. தங்கச்சி கையை விரித்தார். தன் பாசையில் ஏதோ சொன்னார். அக்கா தலையை ஆட்டினார், இல்லை, விளங்கவில்லை என்று. பிறகு குனிந்து, ஆறிப்போன தன் சூப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

எல்லாம் முடிந்தது என்று நினைத்தேன். என் கைதான் பிழைத்துவிட்டது என்றும் நினைத்தேன்.

தங்கச்சி எழும்பினார். கோப்பையை எடுத்துக்கொண்டு குசினிக்குள் போனார். நான் பின்னால் ஓடினேன், இன்னும் ஊற்றிக் கொடுக்கலாம் என்று. அவர் சட்டிக்குள் எட்டிப் பார்த்தார். பக்கத்தில் திறந்திருந்த பார்லி ரின்னைக் கண்டார். நேரே கையை விட்டு அள்ளினார். அப்ரன் கட்டியிருந்தவள் நான்தானே, சமைத்தது இவள் என்று நினைத்திருப்பார். என் முகத்துக்கு முன்னால் அந்தக் கையைத் தூக்கிப் பிடித்தார். மற்றக் கையால் ஒரு விரல், இரண்டு விரல், மூன்று விரல் காட்டினார். எத்தனை போட்டாய் என்று கேட்கிறார். ஒரு பெண் இன்னொரு பெண்ணிடம் அடுப்படியில் கேட்கிற கேள்வி.

“ஜ்மெனியா?” என்றார்.

நான் கத்தினேன்.

“ஜ்மெனியே! சிறங்கை! ஜ்மெனியே!”

வாசலில் சப்பாத்துப் போட்டுக்கொண்டிருந்த மருமகன் ஒற்றைச் சப்பாத்தோடு ஓடி வந்தார், மாமி நெருப்பில் கையைச் சுட்டுவிட்டா என்று நினைத்து. அக்காவும் சுவரைப் பிடித்துப் பிடித்து வந்துவிட்டார். நான் தங்கச்சியின் கையைச் சுட்டிக் காட்டினேன். தங்கச்சி திரும்பவும் சொன்னார்.

“ஜ்மெனியா.”

“ஜ்மெனியே,” என்றார் அக்கா.

“ஜ்மெனியா,” என்றார் தங்கச்சி, திருத்துகிற மாதிரி.

“ஜ்மெனியே,” என்றார் அக்கா, விட்டுக்கொடுக்காமல்.

அக்கா குசினிக் கதிரையில் இருந்துவிட்டார். அது மாமெயின் சொல் என்றார், என்னைப் பார்த்து, இங்கிலீசில். அவருடைய மனதில் என்ன ஓடுகிறது என்று எனக்குத் தெரிந்தது. மாமெ அதைச் சந்தையில் பார்லி விற்ற உக்ரேன் பெண்களிடம் எடுத்திருப்பா. எந்தப் பாசையைத் துப்பிவிட்டு வந்தாரோ அது மாமெயின் வாய் வழியாக அவரோடு கப்பல் ஏறி, இத்தனை வருசமும் அவருடைய அடுப்படியிலேயே இருந்திருக்கிறது. ஜேர்மனி என்று நான் சொன்ன அன்றைக்குப் போன மாதிரி முகம் போய்விடுமோ என்று பயந்தேன். அவர் தங்கச்சியின் கையையே பார்த்தார். அந்தக் கையில் இன்னும் பார்லி இருந்தது, ஒரு மணி சிந்தாமல்.

அப்புறம் எழும்பினார். எழும்பின வேகத்தைச் சொல்ல வேண்டும். அடுப்பில் இருந்த கேத்திலைத் தூக்கினார்.

“சாய்னிக்?”

“சாய்னிக்,” என்றார் தங்கச்சி. அவருடைய கண் விரிந்துவிட்டது.

ஃபிரிட்ஜைத் திறந்தார்கள். புளித்த ஆடைப் பால் வந்தது. அக்கா ஸ்மெற்றெனெ என்றார், தங்கச்சி ஸ்மெற்றானா என்றார். ஒரு கட்டுக் கீரை வந்தது. பெற்றிஷ்கெ, பெற்றுஷ்கா. ஒரு ரின் தானியம் வந்தது. காஷெ, காஷா. கரண்டியை எடுத்தார்கள், பெயர் ஒத்து வரவில்லை, இரண்டு பேரும் அதைத் தொட்டிக்குள் எறிந்துவிட்டு அடுத்ததை எடுத்தார்கள். கத்தியும் தொட்டிக்குள் போனது. ஒத்து வந்த சாமானெல்லாம் மேசைக்கு வந்தது. அலுமாரி வெறுமையாகிக்கொண்டிருந்தது. பால் கரண்டியும் இறைச்சிக் கரண்டியும் ஒரே தொட்டிக்குள் கிடந்தன. நான் பதறிப் போய்ப் பிரிக்கப் பார்த்தேன், அக்கா கையசைத்து விடச் சொன்னார்.

“மாமி, உவை என்ன வீடு மாறப் போகினமோ?” என்று மருமகன் கேட்டார்.

தேயிலைப் பெட்டியைத் தூக்கிய அக்கா தேய் என்றார். தங்கச்சி அதற்கு வேறென்னவோ சொன்னார். இவ்வளவு நேரமும் மூலையில் நின்ற நான் கையைத் தூக்கினேன். “தே,” என்றேன். “தே. தேத்தண்ணி.” தேயிலைப் பெட்டியும் மேசைக்குப் போனது. அந்த மேசையில் என்னுடையதாக ஒரு சாமான்.

தங்கச்சி பனி கரையும் வரைக்கும் இருந்தார். மகளோடு வேலை செய்த ஒரு உக்ரேன் பெண்ணும் ஜ்மெனியா என்றால் கையளவுதான் என்று பிறகு சொன்னாளாம். எனக்கு அது பழைய செய்தி. அந்தக் குளிர்காலம் முழுவதும் பக்கத்து வீட்டில் சண்டை பிடிக்கிற சத்தம் கேட்கும். கடைசி எழுத்து யா தான் என்று ஒருவர், யே தான் என்று ஒருவர். நான் சுவரோடு காதை வைத்துக் கேட்டுக்கொண்டு வெங்காயம் வெட்டுவேன். மூச்சுச் சத்தம் மட்டும் கேட்ட ரெலிபோனை நினைப்பேன். அவர்களுடைய சண்டை எனக்குப் பாட்டு மாதிரி இருந்தது.

ஒரு காலையில் கதவைத் தட்டினார்கள். பொட்டால் பார்க்காமலே திறந்தேன். தங்கச்சி முன்னால், அக்கா பின்னால். வீட்டில் அரிசி முடிந்துவிட்டதாம். தங்கச்சி என் முன்னால் கையைக் குழித்து நீட்டினார். என்னுடைய சொல்லை அக்கா சொல்லிக் கொடுத்திருக்கிறார் என்பது அவர் வாய் திறந்ததும் தெரிந்தது.

“பிளீஸ், ரைஸ். ஒன் சிரங்கு.”

பின்னால் நின்ற அக்கா, தங்கச்சி பிழையாகச் சொல்லிவிட்டாள் என்று கோபித்துக்கொண்டு, அழுத்தம் திருத்தமாகச் சொன்னார்.

“சிரங்கு.”

நான் திருத்தவில்லை. அரிசி வாளியைத் திறந்து அள்ளிப் போட்டேன். குலுக்காமல், குவித்து.